மூன்று பட்டியலை இணைத்தால் 115 மரபணுக்கள் காணவில்லை, எங்கே போயின?

#1 தேன்சிட்டு

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என்னிடம் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று ஆர்என்ஏ அளவீடு, 18,000 வரிகள், எல்லாம் என்செம்பிள் என்ற மரபணுத்தொகைத் தரவுத்தளத்தின் எண்கள். இரண்டாவது புரதப் பட்டியல், அதில் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் எண்கள். மூன்றாவது சில வருடங்களுக்கு முன் இன்னொரு குழு இந்த இரண்டிலிருந்தும் பொறுக்கித் தயாரித்த விரிதாள். அதில் மரபணுப் பெயர்கள் மட்டும்தான், மொத்தம் 1,412.

முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள எண்களை வலைச்சேவைகளிடம் கொடுத்துப் பெயராக மாற்றுகிறேன். பிறகு பெயரை வைத்து மூன்றையும் இணைக்கிறேன். விரிதாளே அந்த இரண்டிலிருந்து வந்ததுதான், அதனால் 1,412ம் பொருந்த வேண்டும். 1,297 தான் பொருந்துகிறது. 115 எங்கே?

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு எண்ணாக எடுத்துச் சேவையிடம் கேட்டு, வந்த பதிலைத் தனிக் கோப்பாகச் சேமிக்கிறது. பிழை எதுவும் காட்டவில்லை. எல்லாக் கோரிக்கைக்கும் 200 என்ற நிலைக் குறியீடுதான் வந்திருக்கிறது. ஒரு தடவை ஓட்ட ஒரு ராத்திரி ஆகிறது.

சேவையில் கோளாறா, என் ஸ்கிரிப்டில் கோளாறா? இப்போது கேட்கும் ரெஸ்ட் முறையை விட்டுவிட்டு கிராஃப்கியூஎல் என்ற வேறு வினவல் முறைப் பக்கம் போ என்கிறான் நண்பன். போகட்டுமா?

#2 சுழல்கதவு

எங்கேயும் போவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. சேமித்த கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். வெவ்வேறு மரபணுக்களுக்கு வந்த பதில்கள் பைட் பிசகாமல் ஒரே அளவில் இருக்காது. அப்படிக் கொத்தாகச் சில இருந்தால் அவற்றைத் திறந்து பாருங்கள்.

200 என்றால் "நீ கேட்டது காதில் விழுந்தது, ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே ஜேசான் வடிவத் தரவு இருக்கிறதா, வெறும் வலைப்பக்கம் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்தான் பார்க்க வேண்டும். கூடவே, நீங்கள் கேட்ட எண் பதிலுக்குள் திரும்ப வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் எழுதும் எந்த ஸ்கிரிப்டிலும் இந்த இரண்டாவது சோதனை இல்லாமல் இருக்காது.

அப்புறம், எங்கேயாவது தேடல் முடிவுகள் சரியாக 20 என்றோ 25 என்றோ நிற்கிறதா? என்சிபிஐ என்ற அமெரிக்கத் தரவு மையத்தின் ஈ-யுடிலிட்டீஸ் சேவையில் ஈசர்ச் என்ற கட்டளை, எத்தனை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் முதல் 20ஐ மட்டும் தரும். யூனிப்ராட் தேடல் பக்கத்துக்கு 25 தரும், கேட்டால் 500 வரை தரும். அடுத்த பக்கத்தின் முகவரி பதிலின் தலைப்பு வரிகளில் இருக்கும். பதிலின் உடலை மட்டும் படிக்கிற ஸ்கிரிப்ட் முதல் பக்கத்தோடு திருப்தியாக வேலையை முடித்துக்கொள்ளும். எந்தப் பிழையும் வராது.

ஒவ்வொன்றாகக் கேட்பதையும் நிறுத்துங்கள். என்சிபிஐயில் சாவி இல்லாமல் கேட்டால் நொடிக்கு 3 கோரிக்கை, இலவசச் சாவி வாங்கினால் 10. 18,000 எண்களை நொடிக்கு மூன்று வீதம் கேட்டால் 6,000 நொடி, ஒரு மணி நாற்பது நிமிடம். அதையே 200 வீதம் கட்டுக் கட்டினால் 90 கோரிக்கை. மைஜீன்.இன்ஃபோ என்ற மரபணுத் தகவல் சேவை ஒரே போஸ்ட் கோரிக்கையில் 1,000 எண்கள் வரை வாங்கிக்கொள்ளும், 18 தடவை கேட்டால் முடிந்தது. என்செம்பிள் ரெஸ்ட் நொடிக்கு 15 வரை அனுமதிக்கிறது. மீறினால் 429 என்று பதில் வரும், எத்தனை நொடி கழித்து வர வேண்டும் என்பதும் கூடவே வரும். அந்த எண்ணை மதித்துக் காத்திருங்கள். உடனே திரும்பத் திரும்பத் தட்டினால் உங்கள் முகவரியையே தடுத்துவிடுவார்கள், அது உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

#3 தேன்சிட்டு

பார்த்தேன். 12 கோப்புகள் ஒரே அளவு. திறந்தால் பன்னிரண்டிலும் "பராமரிப்புப் பணி நடக்கிறது, சிறிது நேரம் கழித்து வரவும்" என்ற வலைப்பக்கம், மேலே அவர்களுடைய சின்னத்தோடு. விடியற்காலை 3 மணி வாக்கில் இறங்கியவை. இரண்டு வாரமாக இதை மரபணுத் தரவு என்று நினைத்து வைத்திருந்தேன்.

அந்தப் பன்னிரண்டையும் திரும்ப இறக்கிவிட்டேன். இப்போது 103 காணவில்லை.

#4 பழையபெர்ல்

கிராஃப்கியூஎல் போ என்ற நண்பனைக் கோபிக்காதே தம்பி. நாங்களும் அப்படித்தான் ஒவ்வொன்றாக மாறி மாறி வந்தோம்.

இந்தத் துறைக்கு நான் வந்தபோது வலைச்சேவை என்ற பேச்சே கிடையாது. வலைப்பக்கத்தை பெர்ல் ஸ்கிரிப்டால் இழுத்து, அதில் மூன்றாவது அட்டவணையின் ஐந்தாவது கட்டத்தைப் பிய்த்து எடுப்போம். அவர்கள் ஒரு வார்த்தையைத் தடித்த எழுத்தாக மாற்றினால் போதும், என் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். ஒவ்வொரு ஆய்வகத்திலும் இதே பிழைப்புக்கு ஒரு ஆள் இருந்தார். 2002இல் லிங்கன் ஸ்டைன் நேச்சர் இதழில் இதைத்தான் எழுதினார். உயிரியல் தரவுத்தளங்கள் பழைய இத்தாலியின் நகர அரசுகள் மாதிரி இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி எல்லை, வலைச்சேவை வந்தால்தான் ஒரே நாடாக ஆகும் என்பது அவர் வாதம்.

அப்போதே வேலை தொடங்கிவிட்டது. 2001இல் டாஸ் என்ற ஏற்பாடு வந்தது. மரபணுத்தொகை வரிசை ஒரு சர்வரில் இருக்கும். அதன்மேல் எழுதும் குறிப்புகளை அவரவர் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். பார்க்கிறவர் திரையில் எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்து தெரியும். தரவை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டாமலே இணைக்கலாம் என்று முதலில் எனக்குப் புரிந்தது அதைப் பார்த்துத்தான். அதே ஆண்டில் பயோமோபி தொடங்கியது. அது ஒரு படி மேலே போய், "இந்த மாதிரித் தரவு என் கையில் இருக்கிறது, இதை வாங்கிக்கொள்ளும் சேவைகள் எவை?" என்று ஒரு பதிவேட்டிடம் கேட்க வைத்தது. பிறகு சோப், டபிள்யூஎஸ்டிஎல் என்ற வலைச்சேவைத் தரநிலைகளின் காலம். மான்செஸ்டர் பக்கத்திலிருந்து டவெர்னா வந்தது. திரையில் பெட்டி பெட்டியாகச் சேவைகளை வைத்துக் கோடு போட்டு இணைத்தால் அதுவே ஓடும். முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்தேன்.

ஆனால் உள்ளே போனால்தான் தெரியும். ஒரு சேவை தருவதும் புரத வரிசை, அடுத்த சேவை கேட்பதும் புரத வரிசை. நடுவில் கோடு போட்டால் ஓடாது. ஒன்று தலைப்பு வரியோடு தரும், மற்றது தலைப்பு வரி இருந்தால் திணறும். ஒன்று எண்ணுக்கு முன்னால் தரவுத்தளத்தின் பெயரை ஒட்டித் தரும், மற்றதுக்கு வெறும் எண்தான் வேண்டும். நடுவில் சின்னச் சின்ன மாற்றிகள் செருக வேண்டும். ஷிம் என்போம், ஆடுகிற மேசைக்கால் கீழே மடித்து வைக்கும் அட்டை மாதிரி. நான் வரைந்த ஒரு வரைபடத்தில் பத்துப் பெட்டி என்றால் ஆறு ஷிம்.

எங்கெங்கே என்னென்ன சேவை இருக்கிறது என்று திரட்ட 2009இல் பயோகேட்டலாக் வந்தது. டவெர்னா 2014இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குப் போனது, 2020இல் அங்கே ஓய்வு கொடுத்தார்கள். என்சிபிஐ தன் ஈ-யுடிலிட்டீஸின் சோப் வாசலை 2015 ஜூலையில் மூடிவிட்டது. டாஸ், பயோமோபி எதையும் இன்று புதிதாக யாரும் எடுப்பதில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பயோமோபியை நடத்திய மார்க் வில்கின்சன்தான் 2016இல் ஃபேர் கோட்பாடுகளை முன்வைத்த கட்டுரையின் முதல் ஆசிரியர். தரவைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்றதோடு பொருந்த வேண்டும், திரும்பப் பயன்பட வேண்டும் என்ற அந்த நான்கு. அதில் ரெஸ்ட் பயன்படுத்து, சோப் பயன்படுத்து என்று ஒரு வரி கிடையாது. முதல் விதியே, தரவுக்கு உலகளவில் தனித்த, நிலைத்த அடையாளம் கொடு என்பதுதான். பதினைந்து வருடம் குழாய் போட்ட கூட்டம் அது. குழாயை விட்டுவிட்டு அடையாள எண்ணைப் பற்றி முதலில் பேசுகிறது என்றால் காரணம் இருக்கும்.

உன் 103ம் அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். பெயரை வைத்து இணைக்கிறேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதுமே வயிற்றைக் கலக்கியது.

#5 வழிப்போக்கன்

இவ்வளவு பாடு எதற்கு என்று புரியவில்லை. என்சிபிஐயின் ஜீன்_இன்ஃபோ, ஜீன்2என்செம்பிள் கோப்புகள், யூனிப்ராட்டின் எண் பொருத்தக் கோப்பு, மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் எச்ஜிஎன்சியின் முழுப் பட்டியல், எல்லாமே மொத்தமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் போட்டு இணைத்தால் நொடிகளில் வேலை முடியும். இரவு முழுக்க வலைச்சேவையிடம் கையேந்தி நிற்க வேண்டாம், விடியற்காலை பராமரிப்புப் பக்கமும் வராது.

#6 சுழல்கதவு

மனித மரபணுப் பட்டியலுக்கு நீங்கள் சொல்வது சரி. எல்லாவற்றுக்கும் சரிவராது. எஸ்ஆர்ஏ காப்பகத்தில் கிடக்கும் மூல வரிசைத் தரவு பெட்டாபைட் கணக்கு. அதை இறக்கி வைக்க யாரிடம் இடம் இருக்கிறது? ஒரு குரோமோசோமில் ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்றால் எச்டிஎஸ்கெட் மாதிரியான நெறிமுறையில் அந்தத் துண்டை மட்டும் கேட்டு வாங்கலாம். நேற்று சேர்ந்த வைரஸ் வரிசை இன்றைக்கே வேண்டும் என்றாலும் போன மாதம் இறக்கிய கோப்பு உதவாது.

அதற்கும் மேல், இறக்கி வைத்த கோப்பு பழசாவது யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் பழைய பொருத்தக் கோப்பை எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த ஆய்வகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

#7 வழிப்போக்கன்

சேவையிலிருந்து வரும் பதில் மட்டும் எந்த வெளியீட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? திங்கட்கிழமை பாதியும் புதன்கிழமை மீதியும் ஓட்டினால், நடுவில் செவ்வாய்க்கிழமை அவர்கள் புது வெளியீடு ஏற்றியிருக்கலாம். ஒரே அட்டவணையில் இரண்டு காலத்துத் தரவு. என்னிடம் இருப்பது பழையதுதான், ஆனால் எவ்வளவு பழையது என்று கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கிறது.

#8 சுழல்கதவு

இது நியாயமான அடி, ஒப்புக்கொள்கிறேன். என்செம்பிள், யூனிப்ராட் இரண்டிலும் வெளியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கலாம், ஆனால் யாரும் கேட்பதில்லை. நான் இப்போது செய்வது: ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வெளியீட்டு எண்ணைக் கேட்பேன். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் முழு ஓட்டத்தையும் தூக்கிப் போட்டுவிடுவேன். வந்த பதிலை அலசுவதற்கு முன்னால் அப்படியே மூலமாகச் சேமித்துவிடுவேன். தேன்சிட்டும் அதைச் செய்ததால்தான் அந்தப் பன்னிரண்டும் மாட்டின, அதைச் சொல்ல வேண்டும்.

#9 நுண்ணோக்கி

தரவுத்தளக் குறிப்பெழுதும் வேலையில் இருக்கிறேன், தினமும் இதே பிழைப்பு. பழையபெர்ல் அண்ணா சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

தேன்சிட்டு, மரபணுப் பெயர் மனிதர்கள் பேசிக்கொள்வதற்கு உள்ளது. பட்டியலை இணைக்க அதைச் சாவியாக வைக்காதீர்கள். டிபி53 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். என்சிபிஐக்கு அது 7157. என்செம்பிளுக்கு இஎன்எஸ்ஜி00000141510. எச்ஜிஎன்சிக்கு 11998. அதன் புரதம் யூனிப்ராட்டில் பி04637. இந்த எண்களில் எந்த அழகும் இல்லை, அதனால்தான் அவை நிலைத்து நிற்கின்றன. பெயருக்கு அர்த்தம் இருக்கிறது, அறிவு மாறும்போது பெயரும் மாறுகிறது.

எம்எல்எல்2 என்று ஒரு பெயர் பழைய கட்டுரைகளில் நிறைய வரும். இன்றைய பெயர் கேஎம்டி2டி. ஆனால் வேறு சில கட்டுரைகளில் அதே எம்எல்எல்2 என்பது கேஎம்டி2பி என்ற இன்னொரு மரபணுவைக் குறிக்கும். இரண்டும் வெவ்வேறு குரோமோசோம். பெயரை மட்டும் பார்த்து எது என்று எந்தச் சேவையாலும் சொல்ல முடியாது. பெரும்பாலான சேவைகள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும், அதுதான் பயம். பதில் வராவிட்டாலாவது தேடுவோம்.

அடுத்தது, ஒன்றுக்கு ஒன்று என்ற நம்பிக்கை. யூனிப்ராட்டில் மனித ஹிஸ்டோன் எச்4க்கு ஒரே பதிவு, பி62805. பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதே புரதத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே உருவாக்குகின்றன, அதனால் ஒரே பதிவு. உங்கள் ஸ்கிரிப்ட் "முதலில் வந்த பெயரை எடு" என்று எழுதப்பட்டிருந்தால் மீதி எல்லாம் போச்சு. கால்மோடுலின் கதை இதற்குத் தலைகீழ். முன்பு மூன்று மரபணுக்களுக்கும் சேர்த்து பி62158 என்று ஒரே பதிவு இருந்தது. பிறகு அதை பி0டிபி23, பி0டிபி24, பி0டிபி25 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். உங்கள் புரதப் பட்டியல் பழையது என்றால் அதில் பழைய எண் இருக்கும், சேவை மூன்று பதில் தரும், நீங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டை விடுவீர்கள்.

என்செம்பிள் எண்களில் புள்ளி வைத்து ஒரு பதிப்பு எண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு பட்டியலில் புள்ளியோடும் இன்னொன்றில் புள்ளியில்லாமலும் இருந்தால் கணினிக்கு அவை வேறு வேறு. இணைக்க மட்டும் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டுங்கள். ஆனால் அந்தப் பதிப்பு எண்ணைத் தனி நெடுவரிசையில் வைத்திருங்கள், பின்னால் கேள்வி வரும்போது தேவைப்படும். சில எண்கள் ஓய்வு பெற்றும் போயிருக்கும். என்செம்பிளின் பழைய வெளியீடுகள் தனித் தளங்களில் கிடைக்கின்றன, அங்கே தேடுங்கள்.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். பெயரை எச்ஜிஎன்சியின் முழுப் பட்டியலோடு மூன்று சுற்றாகப் பொருத்துவேன். முதலில் இன்றைய பெயர், பிறகு முந்தைய பெயர், கடைசியாக மாற்றுப் பெயர். எந்தச் சுற்றில் பொருந்தியது என்று பக்கத்தில் குறித்துவைப்பேன். மூன்றாம் சுற்றில் பொருந்தியவற்றைக் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன். எச்ஜிஎன்சி எண் கைக்கு வந்ததும் பெயர் நெடுவரிசையைத் தொடவே மாட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தப் பழைய விரிதாளில் தேதி மாதிரி ஏதாவது இருக்கிறதா?

#10 மூன்றாம்சுழி

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் இதற்கெல்லாம் ஆர்டிஎஃப் என்று ஒரு தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு வலைமுகவரியே அடையாளம், உறவுகளும் அப்படியே. யூனிப்ராட்டில் இதைக் கேட்கும் ஸ்பார்க்கிள் வினவல் மொழிக்குப் பொதுவான வாசல் இருக்கிறது. ஒரே வினவலில் வேறொரு சர்வரையும் சேர்த்துக் கேட்கலாம். எண் மாற்றும் வேலையே மிச்சம்.

#11 பழையபெர்ல்

நானும் விரும்பித்தான் போனேன். ஒரு வினவலை மூன்று சர்வர்மேல் விரித்தால் மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்தத்துக்கும். பெரிதாகக் கேட்டால் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். சின்னதாக, கூர்மையாகக் கேட்டால் அருமையான பொருள்.

ஆனால் இரண்டு தரவுத்தளமும் ஒரே மரபணுவுக்கு இரண்டு வலைமுகவரி வைத்திருந்தால்? ஒன்று எச்டிடிபி என்று தொடங்கும், மற்றது எச்டிடிபிஎஸ். ஸ்பார்க்கிளுக்கு அவை இரண்டு பொருள். இதைச் சரிசெய்யத்தான் ஐடென்டிஃபையர்ஸ்.ஆர்க் மாதிரி ஒரு பதிவேடு வந்தது. சுற்றிச் சுற்றி அதே கிணற்றடிதான் தம்பி.

#12 ஆலமரம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தரவு நோயாளிகளுடையது. மரபணு மாறுபாடுகளை வெளியே உள்ள குழுக்களோடு இதே மாதிரி சேவை வழியாகப் பகிர வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆட்களின் பெயர், வயது எதையும் தராமல் "இந்த மாறுபாடு உங்களிடம் இருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆம், இல்லை மட்டும் சொன்னால் பாதுகாப்புதானே?

#13 சுழல்கதவு

அவ்வளவு பாதுகாப்பு இல்லை. நீங்கள் விவரிப்பது அப்படியே பீக்கன். 2013இல் தொடங்கிய ஜிஏ4ஜிஎச் என்ற மரபணுத் தரவுப் பகிர்வுக் கூட்டமைப்பு கொண்டுவந்த ஏற்பாடு அது. கேள்வியும் எளிமை, பதிலும் ஒரு சொல். ஆனால் 2015இலேயே ஷ்ரிங்கார்ப்புரே, பஸ்டமான்டே என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒருவருடைய மரபணுத் தரவு ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், 1,000 பேர் கொண்ட பீக்கனிடம் சுமார் 5,000 கேள்விகள் கேட்டு, அந்த ஆள் அதற்குள் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியும். பீக்கன் முழுக்க ஒரே நோய் உள்ளவர்களுடையது என்றால், உள்ளே இருப்பது தெரிந்தாலே நோயும் தெரிந்துவிடும்.

அதனால் வாசலில் ஆள் யார் என்று பார்க்க வேண்டும், ஒருவர் எத்தனை கேள்வி கேட்கலாம் என்று எண்ண வேண்டும், மிக அரிய மாறுபாடுகளுக்குப் பதில் சொல்வதைப் பற்றி யோசிக்க வேண்டும். மூலத் தரவு வேண்டும் என்றால் இஜிஏ, டிபிகேப் காப்பகங்கள் மாதிரி விண்ணப்பித்து அனுமதி வாங்கும் வழிதான். இப்போது பலரும் தரவை அசைக்காமல், நிரலைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்பி, விடையை மட்டும் வாங்கும் பக்கம் போகிறார்கள். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நிறையப் பேர் வருவார்கள்.

#14 வழிப்போக்கன்

தேன்சிட்டு, இணைத்த அட்டவணையை வெளியிடுவீர்களா? அப்படியென்றால் ஒவ்வொரு மூலத்தின் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிப்ராட் சிசி பை 4.0, பெயரைச் சொன்னால் போதும். கெக் என்ற உயிர்வேதி வழித்தடத் தரவுத்தளத்தின் ஏபிஐ கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும், அவர்களுடைய மொத்த எஃப்டிபி இறக்கம் 2011 ஜூலையிலிருந்து சந்தாவுக்குப் போய்விட்டது. வலைச்சேவை கேட்டால் பதில் தருகிறது என்பதும் அதைத் திரும்பப் பகிரலாம் என்பதும் ஒன்றில்லை.

#15 தேன்சிட்டு

நான்கு நாள் கழித்து வருகிறேன்.

நுண்ணோக்கி அக்கா சொன்ன மாதிரி மூன்று சுற்றாகப் பொருத்தினேன். 71 பெயர்கள் முந்தைய பெயராகவோ மாற்றுப் பெயராகவோ இருந்தன. விரிதாள் பழையது, சேவை தருவது இன்றைய பெயர், அதனால் பொருந்தவில்லை. அதில் எம்எல்எல்2வும் இருந்தது! என்செம்பிள் எண்ணைத் தேடிப் பார்த்ததில் எங்களுடையது கேஎம்டி2டி தான். ஹிஸ்டோன், கால்மோடுலின் வகையில் 14. ஸ்கிரிப்டில் "முதலில் வந்ததை எடு" என்று நானேதான் எழுதியிருந்தேன்.

இதுவரை பராமரிப்புப் பக்கம் 12, பழைய பெயர் 71, ஒன்றுக்குப் பல 14, ஆக 97. மீதி 18. அதில் 7 வரிகள் ஓய்வு பெற்ற எண்களைச் சேர்ந்தவை, பழைய வெளியீட்டில் இருக்கின்றன, இன்றைய வெளியீட்டில் அவற்றுக்கு இணையாக எதுவும் இல்லை. அவற்றைத் தனிப் பட்டியலில் போட்டுவிட்டேன்.

மிச்சமுள்ள 11தான் அக்கா கேட்ட கேள்வி. தேதிகள். பெயர் நெடுவரிசையில் "2-செப்", "5-மார்" என்று அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன.

#16 நுண்ணோக்கி

நினைத்தேன். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை விரிதாள் செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொண்டது. இது 2004லேயே ஆய்விதழில் வந்த விஷயம். அப்போது ரைக்கன் நிறுவனத்தின் எண்களும் சேர்ந்து அடிபட்டன. 2310009இ13 என்ற அடையாளத்தில் நடுவில் ஆங்கில இ இருந்ததால் விரிதாள் அதைப் பத்தின் அடுக்கு என்று நினைத்துப் பெரிய எண்ணாக மாற்றிவிட்டது. 2016இல் திரும்பப் பார்த்தபோது, எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது.

கடைசியில் மென்பொருளுக்காக மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. 2020இல் எச்ஜிஎன்சி அறிவித்த புது விதிகளில் அதுவும் உண்டு. செப்ட்2 இப்போது செப்டின்2, மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் 2023இல்தான் எல்லோருக்கும் கொடுத்தது.

செப் வரிகளில் எண் 14க்குள் இருந்தால் தயங்காமல் செப்டின் என்று மாற்றிவிடலாம். மார் வரிகளில் எண் என்ன?

#17 தேன்சிட்டு

5, 7, 8 இருக்கின்றன அக்கா. அப்புறம் 1 ஒரு வரி, 2 ஒரு வரி.

#18 நுண்ணோக்கி

5, 7, 8 மூன்றும் மார்ச் குடும்பம்தான், மாற்றிவிடுங்கள். 1ம் 2ம் மட்டும் விடுங்கள். மார்ச்1, மார்ச்2 தவிர மார்க்1, மார்க்2 என்றும் இரண்டு மரபணுக்கள் இருந்தன, இன்றைய பெயர் எம்டிஏஆர்சி1, எம்டிஏஆர்சி2. ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்து ஒன்று குறைவு, அவ்வளவுதான். விரிதாள் அவற்றையும் "1-மார்", "2-மார்" என்றுதான் ஆக்கும். தேதியைப் பார்த்துத் திரும்பிப் போக வழி இல்லை. அந்தக் குழுவிடம் விரிதாளுக்கு முந்தைய உரைக் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

#19 சுழல்கதவு

ஆர்என்ஏ பட்டியலில் நான்குமே இருக்குமே, புரதப் பட்டியலை வைத்துப் பிரிக்க முடியாதா? விரிதாளில் இருப்பது இரண்டிலும் இருந்தாக வேண்டும் என்று சொன்னீர்களே.

#20 தேன்சிட்டு

அதையும் பார்த்தேன். நான்கு மரபணுக்களின் புரதங்களும் புரதப் பட்டியலில் இருக்கின்றன.

அந்தக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். விரிதாளைத் தயாரித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம், உரைக் கோப்பு அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்ததாம். தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். 1,412இல் 1,403 சேர்ந்துவிட்டன, 7 தனிப் பட்டியலில் இருக்கின்றன. இந்த இரண்டு வரிகளுக்கும் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.